படகுக்காரனுக்குத் தடை, கப்பல்காரனுக்குக் கம்பளமா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப் பாருங்கள். வடசென்னைப் பட்டறைகளிலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் ஆறு நாள் உழைத்து ஓய்ந்த தொழிலாளி, ஏழாவது நாள் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு, புளிச்சோற்றுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருப்பார். மீஞ்சூர் தாண்டி அனுப்பம்பட்டு வந்ததும் பிள்ளைகள் ஜன்னலோரம் நெருக்கியடிப்பார்கள். அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஏரி, கடல், டச்சுக்காரன் கல்லறை, பூநாரைக் கூட்டம், மத்தியானம் வறுத்த மீன். பஸ் சார்ஜோடு சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி, மிஞ்சினால் இரண்டு நாள் கூலி.

இவர்களுக்கும் சர்க்கார் ஏட்டில் உல்லாசப் பிரயாணி என்றுதான் பெயர். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கொட்டிக் கொடுத்து, மிதக்கும் நட்சத்திர ஓட்டலில் ஏறி, பனிக்கடலையும் ஆளில்லாத் தீவுகளையும் பார்க்கப் போகிறவருக்கும் அதே பெயர்தான். ஆனால் இரண்டு பேருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றா? இரண்டு பேரையும் ஏற்றிச் செல்கிறவர்களைச் சட்டம் ஒரே கண்ணால் பார்க்கிறதா? இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

22 உயிர்கள்

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். பழவேற்காடு ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. ஏறியிருந்தவர்கள் 25 பேர். மாண்டவர்கள் 22 பேர். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து உற்றார் உறவினரோடு விடுமுறை கழிக்க வந்த சாதாரண ஜனங்கள். படகு மீன் பிடிக்கிற படகு. லைஃப் ஜாக்கெட் என்ற பேச்சே இல்லை. கரையில் நின்று எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

ஏரி தெரிந்தவர்களுக்கு இது புதிர் அல்ல. பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதி மார்பளவுக்கும் குறைந்த தண்ணீர்தான். கோல் ஊன்றிப் படகைத் தள்ளிப் போகலாம். ஆபத்து இருப்பது முகத்துவாரத்தில். அங்கே ஏரித் தண்ணீர் வற்றத்தில் கடலை நோக்கிப் பாய்கிறபோது, கடல் அலை எதிரே வந்து முட்டும். இரண்டும் மோதுகிற இடத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். மீன்படகு வலைக்கும் நாலைந்து ஆட்களுக்கும் என்று செய்யப்பட்டது. வலை படகின் அடியில் கிடக்கும் பாரம். அது படகை நிலைப்படுத்தும். மனிதன் நிற்கிற பாரம், அது படகை ஆட்டும். ஒருவர் எழுந்தால் பத்துப் பேர் எழுவார்கள். ஒரு பக்கம் வேடிக்கை பார்க்க எல்லோரும் சாய்ந்தால் படகும் சாயும். இது கடலோரத்துப் பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்த குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்களைக் கேட்டு விதி எழுதியிருக்க வேண்டியது யார் பொறுப்பு?

சர்க்கார் என்ன செய்தது? விபத்துக்குப் பின் உல்லாசப் படகு ஓட்டவே தடை போட்டது. காரியம் முடிந்தது, கோப்பு மூடப்பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றதா? நிற்கவில்லை. ஏரியைப் பார்த்த குழந்தை படகில் போகவேண்டும் என்று அழத்தான் செய்யும். வலையில் மீன் விழாத மாதத்தில், நாலு பேரை ஏற்றி நானூறு ரூபாய் பார்க்கலாம் என்று படகுக்காரனும் நினைக்கத்தான் செய்வான். ஆகவே மறைவில் ஓடியது. மறைவில் ஓடுகிற படகில் எண்ணிக்கை ஏது, லைஃப் ஜாக்கெட் ஏது? பிடிபட்டால் கேஸ், பிடிபடாமல் இருக்க மாமூல். ஆபத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி, ஆபத்தை இருட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். இந்தத் தடை பற்றி நமது அபிப்பிராயம் இதுதான்.

ஏரியின் மறுபக்கத்தைப் பாருங்கள். பழவேற்காடு ஏரியின் பெரும் பாகம் ஆந்திராவில் இருக்கிறது. அங்கே சூளூர்ப்பேட்டை வட்டாரத்தில் சர்க்காரே பூநாரைத் திருவிழா நடத்துகிறது. பீமுனிவாரிபாளையத்தில் ஜனங்களைப் படகில் ஏற்றிப் பறவை காட்டுகிறது. அதே ஏரி, அதே தண்ணீர், அதே பறவை. நடுவே ஒரு மாநில எல்லைக்கோடு. கோட்டுக்கு வடக்கே படகு ஏறினால் உல்லாசம், தெற்கே ஏறினால் குற்றம்!

பனிக்கடலில் முழுகிய கப்பல்

இப்போது பணக்காரர்களின் பிரயாணத்துக்கு வருவோம். 1960-களில் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்ற வியாபாரி, தென்துருவப் பனிக்கண்டத்துக்குப் பணம் படைத்தவர்களைக் கூட்டிச் செல்லும் தொழிலைத் தொடங்கினார். 1969-ல் அதற்கென்றே ஒரு கப்பல் கட்டினார். துறைமுகம் இல்லாத கரைகளுக்குப் போய், ரப்பர் படகில் ஆட்களை இறக்கி, பென்குவின் பறவைகளைக் காட்டித் திரும்பக் கொண்டுவருவது இதன் வேலை. அந்தத் தொழில் இன்று எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? 2023-24 பருவத்தில் மட்டும் 1 லட்சத்து 22 ஆயிரம் பேருக்கு மேல் தென்துருவப் பக்கம் போய் வந்திருக்கிறார்கள். பனிக்கண்டத்துக்கே திருவிழாக் கூட்டம்!

1969-ல் கட்டிய அந்தக் கப்பல், கைமாறிக் கைமாறி ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. 2007 நவம்பர் 23 அன்று பனிக்கட்டியில் இடித்து, தென்துருவக் கடலில் முழுகியது. பயணிகளும் மாலுமிகளுமாக 154 பேர். உலகத்தின் கடைக்கோடி, உறைந்துபோகும் தண்ணீர். எத்தனை பேர் செத்தார்கள்? ஒருவரும் இல்லை. உயிர்காக்கும் படகுகள் இருந்தன, அவற்றில் ஏறப் பயிற்சி இருந்தது, சுற்றுவட்டாரத்தில் ஓடிய கப்பல்கள் சேதி கேட்டு விரைந்தன, 154 பேரும் கரை சேர்ந்தார்கள்.

நல்லது, பிழைத்தார்கள், நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் தோழர்களே, இதைப் பக்கத்தில் வைத்து அதைப் பாருங்கள். பனிக்கடலின் நடுவில் 154 பேரும் பிழைக்கிறார்கள். பொன்னேரியிலிருந்து பஸ் போகும் தூரத்தில், தினமும் படகுகள் போய்வரும் ஏரியில், 22 பேர் சாகிறார்கள். இது விதியா?

அந்த வியாபாரிகள் வெறும் உயிர்காப்போடு நிற்கவில்லை. 1991-ல் கம்பெனிகள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்து விதி எழுதிக்கொண்டன. ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளையே இறக்கக்கூடாது. இறங்குகிறவர் பூட்ஸைக் கழுவித் துடைத்துவிட்டு இறங்க வேண்டும். அந்நிய விதையோ கிருமியோ ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. பறவைக்கு இத்தனை அடி தள்ளித்தான் நிற்கவேண்டும். முதலாளிகளுக்கு இயற்கை மேல் திடீரென்று காதல் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். சரக்கு கெட்டுப்போனால் வாங்க ஆள் வராது என்ற கணக்குதான். காரணம் எதுவானாலும் விதி நல்ல விதி. நாம் எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

தென்அமெரிக்காவுக்கு மேற்கே ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளில் சர்க்காரே விதி போட்டிருக்கிறது. அங்கே சுற்றும் கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. கரையில் 16 பேருக்கு ஒரு வழிகாட்டி. ஒரு கப்பல் ஓர் இடத்துக்குப் போனால் 14 நாளுக்குள் அதே இடத்துக்குத் திரும்ப வரக்கூடாது. வெளிநாட்டாரிடம் தலைக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம், 2024 ஆகஸ்டிலிருந்து. வடதுருவப் பக்கம் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளின் காப்புப் பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் 2025-லிருந்து நுழைய முடியாது.

‘திரும்ப வரக்கூடாது, முறை வைத்து வா’ என்ற அந்தக் கலாபகோஸ் விதியைப் படித்தபோது நமக்குப் பழவேற்காடுதான் ஞாபகம் வந்தது.

பாடு

ஏரிக்கரை மீனவர்கள் இதைப் ‘பாடு’ என்று சொல்கிறார்கள். கோட்டைக்குப்பம் வட்டாரத்து மீனவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஏற்பாடு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில. வலை போட விரும்புகிறவர்கள் பலர். அடித்துக்கொண்டால் யாருக்கும் மிஞ்சாது. ஆகவே இடங்களுக்குப் பெயர் வைத்து, ஆட்களைக் கூட்டமாகப் பிரித்து, சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு. முறை இல்லாதவன் அங்கே வலை இறக்கக்கூடாது. முறை உள்ளவனும் இஷ்டம்போல வலையைப் பெருக்கக்கூடாது. தவறினால் ஊர்க் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் இறால் பிடிக்கிறவர்களும் இப்படித்தான் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள்.

இயற்கை இவ்வளவுதான் தாங்கும், ஆகவே இத்தனை பேர் மட்டும், அதுவும் முறை வைத்து — இந்தச் சூத்திரத்தை நார்வேயும் ஈக்வடாரும் சட்டப் புத்தகத்தில் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத நம் மீனவன் ஏரியில் நடத்திக் காட்டினான். அவனைப் பார்த்து, ‘உனக்கு நிர்வாகம் தெரியாது, நீ படகு ஓட்டினால் ஆபத்து’ என்று உத்தியோகஸ்தர்கள் உபதேசம் செய்கிறார்கள்!

பாட்டில் எல்லாம் பொன் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு ஒரு கதவு உண்டு. அந்தக் கதவில் சாதிப் பூட்டு தொங்கியது. பட்டினவர் குடும்பத்தில் பிறந்தவனுக்கு முறை உண்டு. தாழ்த்தப்பட்ட மீனவனுக்கும், வலையே இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. இருளப் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் நாளெல்லாம் ஊர்ந்து இறால் எடுப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஏரியில் மிக அதிகமாக நனைகிறவர்களுக்கு ஏரியில் மிகக் குறைந்த உரிமை. இதனால் சண்டையும் சச்சரவும் வந்ததுண்டு. ஆகவே நாம் சொல்வது: முறையை எடுத்துக்கொள்வோம், பூட்டை உடைப்போம்.

ஏரியைக் கெடுத்தது யார்?

உல்லாசப் படகு விட்டால் இயற்கை கெடும், பறவை பறந்துவிடும் என்று சிலர் கண்ணீர் வடிக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பூநாரை ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்துச் சேற்றை வடிகட்டித் தின்கிற பறவை. மோட்டார் இரைச்சலோடு படகு நெருங்கினால் கூட்டமாகக் கிளம்பிவிடும். தின்ன வந்த தீனி போகும், பறந்த சக்தியும் வீண். பாலித்தீன் பையும் பாட்டிலும் கரையெங்கும் கிடப்பதற்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பொறுப்பேற்கத்தான் வேண்டும். மீனவப் பெண்கள் மீன் காயவைக்கும் மணலில் சாராய பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவனுக்கு வக்காலத்து வாங்க நாம் தயாரில்லை. அவன் தொழிலாளியாக இருந்தாலும் சரி.

ஆனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018-ல் அதானி கம்பெனி கைக்கு வந்தது. சுமார் 330 ஏக்கரில் இருந்த துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் வைத்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கிடையே தள்ளிப்போயிற்று; 2023 செப்டம்பரில் வைத்ததும் நடக்கவில்லை. இந்தக் கரையில் மணல் ஆண்டில் பெரும் பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. நடுவே கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். வடக்கே இருப்பவை பழவேற்காட்டுக் குப்பங்கள். நாலு பேரை ஏற்றிய ஃபைபர் படகு கெடுக்காத இயற்கையையா இந்தத் திட்டம் விட்டுவைக்கப் போகிறது?

இறால் பண்ணைக் கதையும் விவசாயத் தொழிலாளருக்குத் தெரிந்ததே. தஞ்சைக் கடலோரத்தில் நெல்வயலை உப்புக் குட்டையாக்கியபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சில்கா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லியே, அவற்றின் 1000 மீட்டர் சுற்றளவுக்குள் இறால் பண்ணை கூடாது என்று உத்தரவிட்டது. முதலாளிகள் சும்மா இருந்தார்களா? 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவரச் செய்துவிட்டார்கள். கோர்ட் மூடிய கதவுக்குப் பக்கத்தில் பார்லிமெண்டில் ஜன்னல்!

ராக்கெட்டையும் சொல்லவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட் விடுகிறார்கள். 1957-ல் சோவியத் ஸ்புட்னிக் பறந்தபோது கொண்டாடிய நாம் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் அல்ல. ஆனால் ராக்கெட் விடும் நாளில் மீனவன் கடலுக்குப் போகக்கூடாது. அன்றைய கூலி அவன் தலையில். அதே ராக்கெட்டை ஜனங்கள் உட்கார்ந்து பார்க்க 2019-ல் பெரிய மேடை கட்டித் திறந்தார்கள். பார்க்க வருகிறவருக்கு நாற்காலி, பட்டினி கிடக்கிறவருக்கு என்ன? மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் 3,900 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க மத்திய மந்திரிசபை சம்மதித்தது. ஏவும் நாட்கள் பெருகும். நின்றுபோகும் கடல் நாளுக்கு நஷ்டஈடு என்று அந்தக் கோடிகளில் ஒரு காசு எழுதச் சொல்லிக் கேட்பது தேசத்துரோகமா?

வரப்போகிற கப்பல்

மத்திய சர்க்கார் 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் ‘குரூஸ் பாரத்’ என்று ஓர் இயக்கம் தொடங்கியது. 2029-க்குள் உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கப் போகிறார்களாம். கடல், ஆறு, தீவு, உப்பங்கழி, எதுவும் பாக்கியில்லை. 2023 ஜனவரியில் காசியிலிருந்து திப்ருகர் வரை 51 நாள் ஓடும் ‘கங்கா விலாஸ்’ கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார்கள். ஒருவர் டிக்கட் பல லட்சம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு உல்லாசக் கப்பலை நமது மாநில முதல்வரே கொடியசைத்து அனுப்பினார். அந்தக் கப்பல் பயணிகளைப் புதுச்சேரியில் இறக்க அன்று அனுமதி கிடைக்கவில்லை, சூதாட்டக் கப்பல் எங்களுக்கு வேண்டாம் என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பியது.

பெரிய கப்பலோடு நிற்பார்களா? நிற்கமாட்டார்கள். யாரும் பார்க்காத கரை, ‘கன்னி கெடாத’ தீவு என்று விளம்பரம் செய்து, சின்னக் கப்பலில் வந்து ரப்பர் படகில் இறங்கும் வியாபாரம்தான் உலகத்தில் கொழிக்கிறது. பூநாரையும் டச்சுக் கல்லறையும் உள்ள ஏரியை அந்தக் கண் எப்போது பார்க்கும் என்று நாம் காத்துக்கொண்டிருக்க வேண்டுமா? 2019 ஜனவரியில் வெளியிட்ட கடலோர மண்டல அறிவிக்கை ஏற்கெனவே வழி செய்து வைத்திருக்கிறது. ஜன நெருக்கம் மிகுந்த கடலோரக் கிராமங்களில் கட்டடம் கூடாத எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. தொட்டாலே குற்றம் என்றிருந்த சதுப்புக்காட்டுப் பகுதியிலும் ‘சூழல் சுற்றுலா’ என்ற பெயரில் மரக்குடிலும் நடைபாதையும் அனுமதிக்கப்படலாம். மீனவனுக்குப் பட்டா கேட்டால் கடலோரச் சட்டம் குறுக்கே நிற்கும். ஓட்டலுக்கு மட்டும் அது விலகிக்கொள்ளும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கப்பல் வந்து இறங்குவது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. 1613-ல் டச்சுக்காரன் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டினான். துணி வாங்க வந்தவன் துணியோடு போகவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி ஆயிரக்கணக்கில் பதாவியாவுக்கு ஏற்றிக்கொண்டு போனான். பதாவியா என்றால் இன்றைய ஜாகர்த்தா. வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த அழகான கல்லறைகளில் அந்த அடிமைகள் ஒருவர் பெயரும் இல்லை.

மனிதனையே காட்சிப் பொருளாக்குவது பழைய காலத்தோடு முடிந்ததா? 2012 ஜனவரியில், அந்தமானில் ஜாரவா பெண்களை உல்லாசப் பிரயாணிகள் முன் ஆடச் சொன்ன படம் வெளியாகி உலகமே காறித் துப்பியது. பறி கடித்து இறால் எடுக்கும் இருளப் பெண்ணை நாளைக்கு ‘பார்க்க வேண்டிய காட்சி’ என்று விளம்பரத் தாளில் அச்சடிக்கமாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது?

யார் ஓட்டுவது?

ஒரிஸ்ஸாவில் சில்கா ஏரி. நம் ஏரிக்கு அண்ணன். இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி. அங்கும் இறால் முதலாளிகள் புகுந்தார்கள், அங்கும் மீனவர்கள் எழுந்தார்கள். 1999 மே 29 அன்று சோரனா கிராமத்தில் போலீஸ் சுட்டு நாலு பேர் மாண்டார்கள். அப்படி ரத்தம் சிந்திக் காத்த ஏரியின் சாத்தபடா துறையில், மீனவர்களே படகுச் சங்கம் அமைத்து, டால்பின் பார்க்க வருகிற ஜனங்களை ஏற்றிப் போகிறார்கள். காசு படகுக்காரன் வீட்டுக்குப் போகிறது. அங்கும் குறை உண்டு. படகு அதிகம், டால்பினைத் துரத்துகிறார்கள் என்ற புகார் உண்டு. ஆனால் அந்தக் குறையைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். பம்பாயில் ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனியை யார் கேட்பது?

சங்கம் என்றாலே எல்லாம் சரியாகிவிடும், சர்க்கார் என்றாலே பத்திரம் என்றும் ஏமாறவேண்டாம். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் கவிழ்ந்து 45 பேரைக் காவு கொண்ட படகு கேரள சர்க்காரின் உல்லாசப் பிரயாணக் கழகத்துடையது. 2023 மே 7-ல் தானூரில் கவிழ்ந்து 22 பேரைக் கொன்றது தனியார் படகு. மீன்படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆளை ஏற்றியிருந்தார்கள். பழவேற்காட்டிலும் 22, தானூரிலும் 22. பன்னிரண்டு வருஷத்தில் தேசம் படித்த பாடம் இவ்வளவுதானா? யார் சொந்தக்காரன் என்பதோடு, எண்ணிப் பார்த்து ‘இறங்கு’ என்று சொல்லும் அதிகாரம் கரையில் யாருக்கு இருக்கிறது என்பதும் முக்கியம்.

நாம் கேட்பது சிக்கலான காரியம் அல்ல. பழவேற்காட்டுத் துறையில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று படகு ஓட்டட்டும். பட்டினவர், தாழ்த்தப்பட்டவர், முஸ்லிம் மீனவர், இருளர் எல்லோரும் அதில் உறுப்பினர். பாட்டில் வைப்பது போலப் படகுக்கு முறை வைக்கட்டும். இன்று ஓட்டிய படகு நாளை வலைக்குப் போகும்; அப்போதுதான் மீன்தொழில் சாகாது, ஒருவனே பணக்காரனாக மாட்டான். ஒரு நாளைக்கு இத்தனை படகு, ஒரு படகுக்கு இத்தனை பேர் என்பதை ஏரியை அறிந்த கிழவர்களும் மீன்துறையும் உட்கார்ந்து நிர்ணயிக்கட்டும். முகத்துவாரப் பக்கம் எந்தப் படகும் போகக்கூடாது. பூநாரை மேயும் இடத்துக்கு மோட்டார் அணைத்து, கோல் ஊன்றி, தூரத்தோடு சரி. காற்று ஏறினால் கொடி ஏற்றி நிறுத்தவேண்டும். நின்ற நாளுக்குச் சங்க நிதியிலிருந்து படி. 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி படகுகளைப் பரிசோதித்து நம்பர் தரும் செலவை சர்க்கார் ஏற்கவேண்டும். லைஃப் ஜாக்கெட்டும் இன்ஷூரன்ஸும் சர்க்கார் பொறுப்பு. கோடிக்கணக்கில் கப்பல் கம்பெனிகளுக்குச் சலுகை கொடுக்கிற சர்க்காருக்கு இது பாக்குக் காசு. இதே ஏரியைத் தாண்டி அன்றாடம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் படகில் போகிற ஜனங்களுக்கும் அந்த லைஃப் ஜாக்கெட் கிடைக்கட்டும். அதைவிட முக்கியம்: இந்தத் துறையை டெண்டர் விடக்கூடாது. கான்ட்ராக்டர் நுழைந்தால் மீனவன் தன் ஏரியிலேயே தினக்கூலி ஆகிவிடுவான்.

கப்பல்காரன் வந்தால்? வரட்டும், நூறு பேருக்கு மேல் இறக்காதே என்று பனிக்கண்டத்தில் கட்டுப்படுகிறவன் பழவேற்காட்டிலும் கட்டுப்படட்டும். கரையில் இறங்க ஊராரின் சம்மதம் வேண்டும். இறங்கும் படகு சங்கப் படகாக இருக்கவேண்டும். தலைக்கட்டணம் பஞ்சாயத்துக்கு வரவேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத கப்பல் நடுக்கடலோடு போகலாம்.

மில் தோழர்களுக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் இதில் என்ன என்று கேட்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது முதலாளி கொடுத்த தானம் அல்ல. உலகெங்கும் தொழிலாளர் போராடி வாங்கி, நம் நாட்டில் 1948-ன் பாக்டரி சட்டத்தில் எழுதப்பட்டது. விவசாயத் தொழிலாளிக்கு இன்னும் அதுவும் இல்லை; லீவு என்றால் அன்று கூலி இல்லை. அப்படிக் கிடைத்த ஒரு நாளில் பிள்ளைக்கு ஏரியைக் காட்டப் போனவர்கள் 22 பேர் பிணமாகத் திரும்பினார்கள். பத்திரமாகப் படகில் ஏறி இறங்கும் உரிமை, எட்டு மணி வேலை போல, சங்கம் கேட்கவேண்டிய உரிமைதான்.

மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஏரிக்கரை மீனவர் சங்கங்களோடு கலந்து பேசி, ஒரே மகஜராகத் திருவள்ளூர் கலெக்டருக்கும் மீன்துறைக்கும் அனுப்ப வேண்டும். தடையை எடு என்று மட்டும் எழுதினால் போதாது. மறுநாளே கான்ட்ராக்டர் வந்து நிற்பான். படகுத்துறையில் ஒரு பலகை வைக்கச் சொல்லி எழுதுங்கள். படகு நம்பர், ஏற்றக்கூடிய ஆட்கள், கட்டணம் மூன்றும் பெரிய தமிழ் எழுத்தில் அதில் இருக்கட்டும். நாலாவதாக, அந்தக் கட்டணத்தில் படகு ஓட்டுகிறவருக்கு எவ்வளவு என்பதையும் அதே பலகையில் எழுதச் சொல்லுங்கள்.